வாசிக்காமல் விட்ட அறிவிப்பு

எங்கள் சபையின் காலாண்டு இதழுக்கு நான் பயணக் கட்டுரை எழுதுவது புதிதல்ல. மதுரைக்குப் போய்வந்து எழுதினேன். அண்ணனைப் பார்க்கப் பினாங்குக்குப் போய்வந்தும் எழுதினேன்; அங்கே என் குடை தொலைந்த கதையைச் சிலர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆகவே காஞ்சிபுரம் போகிறேன் என்றதும் இதழாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்ரர், அங்கத்தைய கோயிலுகளைப் பற்றி எழுதுங்கோ. கூறைச்சேலையைப் பற்றியும் நாலு வரி போடுங்கோ, பொம்பிளையள் விரும்பி வாசிப்பினம்" என்றார். நான் எதற்காகப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். சபையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கூறைச்சேலை என்றார்.

எழுதுகிறேன். இது அந்தக் கட்டுரைதான்.

இந்த இதழ் இலண்டன், ரொறன்ரோ வரை போவதால், யாழ்ப்பாணத்தில் இல்லாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் சுகந்தினி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஏனாத்தூரில் இரண்டு வருடமாக மேற்படிப்புப் படிக்கிறாள். அங்கே இரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை செய்யும் அருள்தாஸ் என்ற இளைஞனை மணக்க விரும்பினாள். அவனும் எங்களைப் போலப் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவன். எங்கள் முறைப்படி, கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு இருவரின் பெயரையும் சபையில் வாசித்து, தடை உண்டா என்று கேட்க வேண்டும். முதல் ஞாயிறு வாசித்தார்கள். இரண்டாம் ஞாயிறு வாசிக்கவில்லை. நான் முன்வரிசையில் இருந்தேன். போதகர் மகளிர் ஐக்கியக் கூட்டத்தை அறிவித்தார், தையல் வகுப்பை அறிவித்தார், பிறகு என் மகளை அறிவிக்காமல் பாட்டின் இலக்கத்தைச் சொன்னார்.

சபைச் செயலாளரான எனக்கே காரணம் பிறகுதான் தெரிந்தது. நிருவாகக் குழுவில் ஒருவர் சென்னையில் இருக்கும் தன் மைத்துனருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். அந்த மைத்துனர் காஞ்சிபுரத்தில் யாரையோ பிடித்து, "பெடியன் ஆர் ஆக்கள்?" என்று விசாரித்துச் சொல்லியிருக்கிறார். சில தலைமுறைக்கு முன் அவர்கள் நிலமில்லாமல் மற்றவர் வயலில் கூலிக்கு நின்றவர்களாம். வேதாகமத்தின் எந்தப் பக்கத்தில் இது தடை என்று எழுதியிருக்கிறது? கடவுள் கேட்காத கேள்வியைக் கேட்பதற்கு ஒரு வெளிநாட்டு அழைப்பு! போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சக் காலம் ஒத்திவைப்பம் மாஸ்ரர். உங்கட நன்மைக்குத்தான்" என்றார்.

கோபத்தோடு விமானம் ஏறினேன் என்று எழுத ஆசை. கோபம் இருந்தது. ஆனால் ஒரு வருடம் கலியாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி மகளிடம் கேட்கத்தான் போனேன். என் மனைவி ராணி வரவில்லை. பெட்டிக்குள் மகளுக்கு எள்ளுருண்டையும் பருத்தித்துறை வடையும் வைத்தாள். ஒரு சொல்லும் வைத்து அனுப்பவில்லை.

காஞ்சிபுரத்தில் நான் இறங்கியது ஒரு வியாழக்கிழமை காலை. பஸ் நிலையத்தில் ஒரு கடையில் தேநீர் குடித்தேன். நன்றாக இருந்தது, இன்னொன்றும் குடித்தேன். பிறகு ஓட்டோ ஒன்றைப் பிடித்து, ஏனாத்தூர் போகும் வழியிலுள்ள காலனியின் பெயரைச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டதும் ஓட்டோக்காரர் முகம் மலர்ந்தது.

"சிலோனா சார்? கல்யாணமா?"

"ஓம், கலியாணந்தான்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கால்மணி நேரத்தில் மூன்று மாடிப் பட்டுக்கடை ஒன்றின் முன் இறக்கிவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, குளிரூட்டிய அறையில் வெள்ளை விரிப்பில் இருத்தி, "பொண்ணு செவப்பா, மாநிறமா சார்?" என்று கேட்டபடி ஒருவர் சேலைகளை விசிறத் தொடங்கிவிட்டார். ஏழாவது சேலை விரியும்போது நான் எழுந்து, சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். ஓட்டோக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"காலனிக்கெண்டெல்லோ சொன்னனான்!"

"அங்க பட்டு கெடைக்காது சார். எல்லாம் இங்கதான்."

"எனக்குப் பட்டு வேண்டாம் தம்பி. அங்க எங்கட ஆக்கள் இருக்கினம்."

கடையிலிருந்து தப்பவே அப்படிச் சொன்னேன். அவர் நான் போட்டிருந்த சேட்டைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார். "காலனிலயா? உங்க ஆளுங்களா?" என்றார். அதுவரை வாய்க்கு வாய் வந்த 'சார்' அந்த இடத்திலேயே இறங்கிப் போய்விட்டது. மீதி வழி முழுக்க அது திரும்ப ஏறவில்லை. காலனி முகப்பில் வண்டியை நிறுத்தி, "உள்ள வண்டி போவாது" என்றார். நல்ல சிமெந்து வீதி. அதன் வழியாகத் தண்ணீர்க் கேன் ஏற்றிய ஒரு குட்டி லொறி வெளியே வந்துகொண்டிருந்தது. லொறிக்கு வழிவிட ஓட்டோவைப் பின்னால் எடுத்தார், ஆனால் உள்ளே வரவில்லை. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். அந்த மனிதனை நினைத்து இரண்டு நாள் கொதித்தேன். அன்று மத்தியானமே நான் செய்யப்போவது எனக்குத் தெரியாது.

அருளின் அம்மா பெயர் சகுந்தலா. அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர். அப்பா இல்லை. இரண்டு அறை வீடு, கொன்கிரீற் கூரை, சுவரில் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வருடம் முழுவதும் தொங்குகிறது. சுகி வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"வாங்க சம்மந்தி, வாங்க! குந்துங்க. வெயில்ல கறுத்துப் பூட்டீங்களே! டீ போட்டு வச்சிக்கீறேன், எடுத்தாரட்டுமா?" என்றார் சகுந்தலா.

நான் நாற்காலியில் இருந்தபடி சொன்னேன்: "ஒண்டும் கரைச்சல்பட வேண்டாம். ஒரு சோடா இருந்தால் போதும்."

அருள் எழுந்தான், நிமிராமலே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனான். அப்போதுதான் பார்த்தேன், குசினி வாசலில் ஒரு தட்டில் நான்கு எவர்சில்வர் டம்ளர்கள் தேநீரோடு தயாராக இருந்தன. சகுந்தலா அந்தத் தட்டைச் சத்தமில்லாமல் உள்ளே எடுத்துப் போனார். சோடா வந்தது. மூடியை என் முன்னாலேயே திறந்தான். போத்தலோடு குடித்தேன்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் 'அந்த ஆட்கள்' என்று சொல்லும் ஒருவர் வீட்டுக்குப் போக நேர்ந்தால், போகாமல் இருக்கவும் முடியாவிட்டால், நாம் சோடா கேட்போம். மூடிய போத்தல், அவர்கள் கை படாது, மரியாதையும் குறையாது. என் ஐயா அப்படித்தான் செய்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அது விளங்காது என்றாவது நினைக்கலாம். நன்றாக விளங்கியது. நடுவில் ஒரு கடல் இருந்தும் அந்தப் போத்தல் இரண்டு கரையிலும் ஒரே போத்தல்தான்.

பின்னேரம் சுகி நான் தங்கியிருந்த விடுதிக்கு வந்தாள். கதிரையில் இருக்கவில்லை.

"ஏன் அப்பா சோடா கேட்டனீங்கள்?"

"தண்ணிப் பயம் பிள்ளை. வயிறு பிழைச்சால் நாலு நாளும் போயிடும்."

"காலமை பஸ் ஸ்ராண்டில ரெண்டு ரீ குடிச்சனான், நல்லா இருந்ததெண்டு நீங்கள்தானே வந்தவுடனே சொன்னீங்கள்."

சொன்னேன்தான். அந்தக் கடையில் கிளாசை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் தந்தார்கள்.

"நான் வேணுமெண்டு கேக்கேல்லை" என்றேன்.

"அதுதான் அப்பா எனக்குப் பயமாக் கிடக்கு. வேணுமெண்டு கேட்டிருந்தால் நிப்பாட்டலாம்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "ஞாயிற்றுக்கிழமை எங்கட சபைக்கு வாறதெண்டால் வாங்கோ. அங்க சோடா இல்லை. அங்க வர ஏலாதெண்டால் கலியாணத்துக்கும் வர வேண்டாம்."

எங்கள் வீட்டில் எவரும் என்னோடு இப்படிக் கதைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வகுப்பு. நான் தனியாக ஊரைச் சுற்றினேன். கோபுரங்களைப் பார்த்தேன், பெரியவை, வடிவானவை, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தெருக்களில் தறிச் சத்தம் ஒரு வீடு விட்டால் அடுத்த வீட்டில் தொடர்கிறது. காலைச் சாப்பாட்டை இங்கே சிலர் 'நாஷ்டா' என்கிறார்கள். காஞ்சிபுரம் இட்லி என்பது நம் இட்லி அல்ல. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, இலை விரித்த மூங்கில் குடலையில் முழு உருளையாக அவித்து, துண்டு துண்டாக வெட்டித் தருகிறார்கள். பிட்டுக்கும் இட்லிக்கும் நடுவில் ஒரு பண்டம். இரண்டு துண்டு சாப்பிட்டேன், மனம் லயிக்கவில்லை.

பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் தெலுங்கில் கடுமையாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண் கலங்கியிருந்தது. பரிமாறியவரிடம் என்னவென்று கேட்டேன்.

"பெரிய தறிக்காரரு சார். பையன் வேற ஜாதிப் பொண்ண இட்டுக்கினு பூட்டானாம். 'கூப்ட்டா வந்துடுவான், ஆனா கூப்புட என் வாய் வரல'ன்றாரு. இன்னொருத்தரு, 'வாய் வரலன்னா காலால போயி நில்லு'ன்றாரு." தட்டை எடுத்தபடி சொன்னார்: "எல்லா பாஷையிலயும் இதே பேஜாருதான் சார். சட்னி வேணுமா?"

சனிக்கிழமை அருள் லீவு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். "திருமுக்கூடல் பாக்கலாம், வாங்க. மூணு ஆறு சேர்ற எடம்" என்றான். என்னைச் 'சார்' என்பதா 'மாமா' என்பதா என்று அவனுக்குக் குழப்பம். இரண்டையும் விழுங்கிவிட்டு மொட்டையாகப் பேசினான். மூன்று ஆறும் இருந்தன, தண்ணீர்தான் பெரும்பாலும் இல்லை. மணல்வெளியில் கண்ணாடி நூல் போல ஒரு ஓட்டம். கரையிலுள்ள கோயிலின் சுவரில் சோழர் காலத்து எழுத்து. அந்தக் காலத்து ஆஸ்பத்திரி ஒன்றின் விவரம் அதில் இருக்கிறதாம். "வைத்தியரு, மருந்து எல்லாம் எழுதியிருக்காங்க. லேப் டெக்னீசியன் மட்டும் இல்ல" என்று சிரித்தான். அவனை எனக்குப் பிடித்துவிட்டது. அதனால் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

திரும்பும் வழியில் பின்சில்லில் காற்றுப் போயிற்று. மத்தியான வெயிலில் இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். என் கையில் மூடி உடைக்காத தண்ணீர்ப் போத்தல் இருந்தது. உடைத்து அவனிடம் நீட்டினேன். அவன் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடித்து, கவனமாக மூடித் திருப்பித் தந்தான். இங்கே எல்லோரும் அப்படித்தான் குடிப்பார்கள் என்று சுகி பிறகு சொன்னாள். அன்று எனக்கு அது அறை வாங்கியது போல இருந்தது.

ஆனாலும் வந்த காரியத்தைக் கேட்டேன். "தம்பி, ஒரு வருசம் பொறுக்க ஏலாதோ? அங்க ஆக்கள் கொஞ்சம் ஆறட்டும்."

அவன் வண்டியை நிறுத்தவில்லை. "ஒரு வருஷம் கழிச்சி நான் வேற ஆளா ஆயிடுவனா?"

கொஞ்ச தூரம் போனபின் அவனாகவே சொன்னான்: "எங்கப்பா இறந்தப்ப நாங்க பெரிய சர்ச்சில இருந்தோம். பாடியத் தூக்கிக்கினு போறோம், மெயின் கேட்டு பூட்டிக் கெடக்குது. சாவி ஊர்ல இல்லன்னாங்க. சாவி வச்சிருக்கிறவரு அங்கயே நின்னுக்கினு பாட்டு பாடுறாரு! சைடு கேட்டு சின்னது. பொட்டிய ஒருக்களிச்சிதான் உள்ள எடுத்துக்கினு போவ முடிஞ்சிது. அப்பா உள்ள சரிஞ்சாரு. சத்தம் கேட்டுச்சி. அம்மாவும் கேட்டாங்க."

அடக்கம் முடிந்ததும் சகுந்தலா அந்தச் சிறிய கதவருகே நின்று, இனி இந்த வாசல் மிதிக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். அவரோடு இன்னும் சில குடும்பங்கள் வெளியே வந்தன. இப்போதிருக்கும் சபை அப்படித் தொடங்கியதுதான்.

அவன் முகத்தைப் பார்க்காமல் வண்டியைத் தள்ளினேன். பூட்டிய கதவு பற்றிய கோபம் மட்டுமல்ல காரணம். சில வருடங்களுக்கு முன் எங்கள் சபையில் வேறொரு பெண்ணின் அறிவிப்பும் முதல் ஞாயிற்றோடு நின்றது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள். அவளும் நம் பாடகர் குழுவில் பாடியவள். அன்றும் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பில் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று வடிவான கையெழுத்தில் எழுதியவன் நான். அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனாள். திரும்ப வரவில்லை. எவரும் தேடவும் இல்லை. சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நானும் பாட்டுத்தான் பாடினேன்.

ஞாயிறு காலை போத்தல் தண்ணீரும் வேதாகமமுமாகப் போனேன். சபை கூடுவது ஒரு தறிக்கொட்டகையில். அதன் சொந்தக்காரர் ஏகாம்பரம், பரம்பரை நெசவாளர், நெற்றி நிறைய திருநீறு. தன் தறிகளை வேறு வீட்டுக்கு மாற்றியபோது கொட்டகையை இவர்களுக்கு விட்டிருக்கிறார். நெசவாளர் கால் வைக்கும் குழிகளைக் கற்பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். மேலே நடந்தால் அடியிலிருந்து திம் திம் என்று கேட்கிறது.

வாசலில் ஒரு பெரிய பித்தளை அண்டா. வருகிற ஒவ்வொரு வீட்டாரும் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அதில் ஊற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். சுகியும் தன் விடுதித் தண்ணீரை ஊற்றினாள். அந்தப் பழைய பெரிய சர்ச்சில் இவர்களுக்குத் தண்ணீர் தருகிறவர் உயரத்தில் நின்று கையில் ஊற்றுவாராம். அதனால் இங்கே முதல் நாளிலிருந்து இந்த வழக்கம்: எல்லோர் வீட்டுத் தண்ணீரும் ஒரே அண்டாவில், ஆராதனை முடிந்து எல்லோரும் அதிலிருந்து குடிக்க வேண்டும். இது அப்பமும் இரசமும் தரும் திருவிருந்து அல்ல. வெறும் தண்ணீர்தான்.

நான் வாசலில் திகைத்து நின்றேன். ஏகாம்பரம் என் கையைப் பார்த்தார்.

"அதான் இருக்குதே சார். ஊத்துங்க."

"இது கடைத் தண்ணி…"

"கடைத் தண்ணி கலந்தா அண்டா கோச்சிக்குமா?"

மூடியை உடைத்து ஊற்றினேன். முழுப் போத்தலும் போனது. பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏய், ஃபாரின் தண்ணி வந்துக்கீதுப்பா!" ரோஜா என்ற திருநங்கை; அன்று வேதபாடம் வாசித்தது அவர்தான். முன்பு இரண்டு சபைகளில் கடைசி வரிசையில்கூட இருக்க விடாமல் அனுப்பிவிட்டார்களாம். இங்கே அவருக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தால் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம் என்று சுகி சொன்னாள்.

போதகர் ஒரு பெண். எஸ்தர் அம்மா என்கிறார்கள். மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஜெபக் குறிப்புகளைச் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாம் ஞாயிறு தோறும் உலக சமாதானத்துக்காக ஜெபிக்கிறோம், ஏனென்றால் அது எவருடைய வேலையும் அல்ல. இவர்கள் சுடுகாட்டுப் பாதையை ஒருவர் வேலி போட்டு மறித்ததற்காக ஜெபித்தார்கள். ரோஜாவின் ரேஷன் அட்டைக்காக ஜெபித்தார்கள். ஆமென் சொன்னதும் எஸ்தர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்: "சரி, தாலுக்கா ஆபீசுக்கு நாளைக்கு யார் யார் வர்றீங்க? ஜெபம் பண்ணிட்டு சும்மா குந்திக்கினு இருந்தா ஆண்டவர் என்னைத்தான் கேப்பாரு." ஆறேழு கைகள் உயர்ந்தன. சகுந்தலா, "எனக்கு சமையல் இருக்குது, பன்னண்டு மணிக்கு மேல வரேன்" என்றார்.

பிறகு கலியாண அறிவிப்பு. அங்கே அது மூன்றாம் முறை. எஸ்தர் அம்மா தாளை எடுத்தார், என்னைப் பார்த்தார், எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்: "பொண்ணு வீட்டு சபையில ஒரு தடவைதான் வாசிச்சாங்களாம். தடை இல்லன்னு கடுதாசி வரல. ஐயா அந்த சபைக்கு செக்ரட்டரின்னு சுகி சொன்னா. கடுதாசி இல்லாட்டி என்ன, ஆளே வந்திருக்காரு. நீங்களே வாசிங்க ஐயா."

நான் எழுந்து முன்னால் போன தூரம் பத்து அடி இருக்கும். கற்பலகைகள் என் காலுக்குக் கீழே சத்தமிட்டன. போதகர் வராத ஞாயிறுகளில் எத்தனையோ அறிவிப்பு வாசித்தவன் நான்; இந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் பெயரை வாசித்தேன், ராணியின் பெயரை வாசித்தேன். 'மறைந்த தேவதாஸ்' என்ற இடத்தில் பெட்டிக்குள் சரிந்த மனிதரை நினைத்துக் கொஞ்சம் நின்று வாசித்தேன். 'இவர்கள் மணமுடிக்கத் தடை ஏதும் உண்டென்று எவராவது அறிந்தால் இப்போதே சொல்லுங்கள்' என்ற வரி வந்தது. வாசித்துவிட்டு முறைப்படி நிமிர்ந்து பார்க்க வேண்டும். பார்த்தேன். பாயில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தக் கொட்டகைக்குள் தடை என்று ஒன்று இருந்தால் அது நான்தான் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"தடை இல்லை" என்றேன். அப்படிச் சொல்வது முறையில் இல்லை. இருந்தாலும் சொன்னேன். "ஒரு வருசமும் பொறுக்கத் தேவையில்லை."

ரோஜா பின்னாலிருந்து, "அப்ப முடிங்கப்பா, சோறு ஆறுது!" என்றார்.

வரிசையில் நின்றோம். ஏகாம்பரம் அண்டாவிலிருந்து மொண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். என் முறை வந்தபோது சகுந்தலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"இன்னா சம்மந்தி, பயமா கீதா? டேய் அருளு, கடை தொறந்துதான் இருக்குது. ஓடிப்போயி ஒரு சோடா வாங்கினு வாடா!"

கொட்டகை முழுவதும் சிரித்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! மூன்று நாளாக எல்லோருக்கும் தெரிந்துதான் எனக்குப் பாய் விரித்திருக்கிறார்கள். எனக்குக் காதுவரை சுட்டது. குடித்தேன். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் பித்தளை வாசம், இன்னதென்று சொல்ல முடியாத பல வீட்டுத் தண்ணீர். டம்ளரைத் திருப்பி நீட்டி, "இன்னொண்டு தாங்கோ" என்றேன்.

"பாத்து சம்மந்தி, ஊருக்கு மிச்சம் வைங்க" என்றார் சகுந்தலா. சுகி என் சேட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் அப்படித்தான் பிடிப்பாள்.

மத்தியானம் சகுந்தலா சமைத்த சாம்பார். அவர் பள்ளியில் சேர்ந்த புதிதில் ஊர்ப்பிள்ளைகள் இரண்டு வருடம் அவர் சமைத்ததைத் தொடவில்லையாம். "இப்ப முட்டை போடுற அன்னிக்கி வரிசையில அடிச்சிக்குதுங்க" என்றார். நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம்.

ஊர் திரும்பிய அன்று ராணி பெட்டியைத் திறந்து, சகுந்தலா இலையில் கட்டித் தந்த இட்லியை எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இலைக்கட்டை அவிழ்த்தபடி, "அந்தத் தண்ணி குடிச்சு வயித்துக்கு ஒண்டும் செய்யேல்லையே?" என்றாள். ஒன்றும் செய்யவில்லை என்றேன். இட்லியில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். கலியாணத்துக்கு வருகிறாளா என்று இன்னும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் இன்னும் சபைச் செயலாளர்தான். விலகப்போவதில்லை. இடம் போதாவிட்டால் இதழாசிரியர் இந்தக் கட்டுரையைச் சுருக்கட்டும். இட்லியை எடுக்கட்டும், ஓட்டோவை எடுக்கட்டும், மூன்று ஆறுகளையும் எடுக்கட்டும். பின்வருவதை மட்டும் தொடாமல் அப்படியே போடட்டும்:

நமது சபையைச் சேர்ந்த ஞானரத்தினம், ராணி ஆகியோரின் மகள் சுகந்தினிக்கும், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த மறைந்த தேவதாஸ், சகுந்தலா ஆகியோரின் மகன் அருள்தாசுக்கும் வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை காஞ்சிபுரத்தில் திருமணம் நடைபெறும். இவர்கள் மணமுடிக்கத் தடை ஏதும் உண்டென்று எவராவது அறிந்தால் சொல்லுங்கள். இது இரண்டாம் அறிவிப்பு.

மூன்றாம் அறிவிப்புக்கு, மேலே உள்ளதை இன்னொரு முறை வாசியுங்கள். சத்தமாக.

தடை தெரிந்தவர்கள் சென்னைக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம். என் வீட்டுக்கு வாருங்கள். தேநீர் இருக்கிறது. சோடா இல்லை.